கைதுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையில் 24 மணி நேரம்

இந்திய அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பு காவல்துறைக்கு ஒரு கெடு விதிக்கிறது. குற்ற வழக்கில் கைது செய்யப்பட்ட எவரையும் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். கைதான இடத்திலிருந்து நீதிமன்றத்துக்குப் போகும் பயண நேரம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. கைதின் காரணத்தை அவருக்குச் சொல்லியாக வேண்டும்; விரும்பிய வழக்கறிஞரைக் கலந்து பேசவிட வேண்டும். நடுவரின் உத்தரவு இல்லாமல் அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட யாரையும் பிடித்து வைத்திருக்க எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது.

குடிமக்களின் உரிமைகளைக் காவல்துறை எப்படி மதிக்க வேண்டும், எப்படிக் காக்க வேண்டும் என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஒருவரை வழிமறிக்கவும், வீட்டுக்குள் புகுந்து சோதனையிடவும், பலத்தைப் பயன்படுத்திப் பிடித்துச் செல்லவும் சட்டம் அனுமதிப்பது காவலர்களைத்தான். அதனால்தான் அவர்களுக்கு மட்டும் இத்தனை நிபந்தனைகள். சமத்துவம், சுதந்திரம், உயிர் என்று அரசியலமைப்பில் பெரிய சொற்களாக நிற்பவை காவல் நிலைய வாசலைத் தாண்டியதும் எழுத்து வேலையாக மாறிவிடுகின்றன. யாரை, எத்தனை மணிக்கு, எதற்காக, யார் அழைத்து வந்தது என்று யாரோ ஒருவர் ஏட்டில் எழுதியாக வேண்டும். காவல் வன்முறை பற்றிய வழக்குகளைப் புரட்டினால், அடிக்கு முன்பே அந்த எழுத்து தவறியிருப்பது திரும்பத் திரும்பத் தெரியவரும்.

கிட்டியிலிருந்து சட்டம் வரை

இந்த நிபந்தனைகளின் வேர் சென்னை மாகாணத்தில் இருக்கிறது. கிழக்கிந்திய கம்பெனி ஆட்சியில் நிலவரி வசூலும் காவல் பணியும் ஒரே ஆட்களின் கையில் இருந்தன. வரி கட்டாதவரையும் திருட்டுப் பட்டம் சுமந்தவரையும் அவர்கள் ஒரே மாதிரிதான் நடத்தினார்கள். புகார்கள் லண்டன் பாராளுமன்றம் வரை எட்டியதால் 1854-இல் மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1855-இல் அது அறிக்கை தந்தது. சாட்சி சொல்ல நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலிருந்தும் ஆட்கள் சென்னைக்கு வந்தார்கள்.

அந்த அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் அடிக்கடி வருகின்றன. ஒன்று கிட்டி: இரண்டு மரக்கட்டைகளுக்கு இடையில் விரல்களையோ உடலின் வேறு பகுதியையோ வைத்து நெரிக்கும் கருவி. மற்றொன்று அண்ணாந்தாள்: ஆளைக் குனிய வைத்து, கழுத்தையும் காலையும் கயிற்றாலோ அவருடைய துணியாலோ பிணைத்து, வெயிலில் மணிக்கணக்கில் நிறுத்துவது. வரி வசூலுக்கும் குற்ற ஒப்புதலுக்கும் இவை வழக்கமாகப் பயன்பட்டதைக் குழு உறுதி செய்தது.

இந்த அறிக்கைக்குப் பின் காவல் பணி வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்டது. 1859-இல் சென்னை மாவட்டக் காவல் சட்டம் வந்தது. 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், அதன் பின் 1872-இன் சாட்சியச் சட்டமும் இன்னும் ஒரு படி மேலே போயின: காவல் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. காவல் நிலையத்தில் வாங்கும் ஒப்புதல் எப்படி வாங்கப்படுகிறது என்பது தெரிந்தே எழுதிய விதி அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும் தன் 23-ஆவது பிரிவில் அதை அப்படியே வைத்திருக்கிறது.

ஆனால் அந்த விதியில் ஒரு சந்து உண்டு. காவலில் இருப்பவர் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் சாட்சியமாக ஏற்கப்படும். திருட்டு வழக்குகளில் "நகை எங்கே, சொல்லு" என்ற கேள்வி இவ்வளவு மூர்க்கமாகக் கேட்கப்படுவதற்கு இந்தச் சந்தும் ஒரு காரணம்.

புகாரைப் பதிவதும் உரிமைக் காவல்தான்

உரிமை மீறல் என்றதும் அடி உதைதான் நினைவுக்கு வருகிறது. பாதிக்கப்பட்டு வந்தவரைப் பதிவில்லாமல் திருப்பி அனுப்புவதும் மீறல்தான். பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவக் கவனக்குறைவு, ஊழல் போன்ற சில வகைகளில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தரப்பட்டது.

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் புகார் கொடுத்தவுடன் பெரும்பாலும் கையில் வருவது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீது. அதில் எண்ணும் தேதியும் இருக்கும். அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. பலர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று எண்ணிப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். உண்மையான முதல் தகவல் அறிக்கையில் குற்றப் பிரிவுகள் குறிக்கப்பட்டிருக்கும். அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024-இல் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இதில் சில வாசல்களைத் திறந்திருக்கிறது. குற்றம் நடந்த இடம் எந்த நிலைய எல்லையில் இருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். "இது எங்க லிமிட் இல்ல" என்று கைவிரிக்க முடியாது. மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் தகவல் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் நேரில் வந்து கையொப்பமிட்டால் அது பதிவாகும். நிலைய அதிகாரி மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத வேண்டும். அங்கும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்கு 90 நாளுக்குள் தெரிவிக்கும் பொறுப்பும் இப்போது காவல்துறைக்கு உண்டு.

சில புகார்களில் மறுப்பே குற்றம். பாலியல் வன்முறைப் புகாரைப் பதிய மறுக்கும் அரசு ஊழியருக்குச் சிறைத் தண்டனை உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தண்டனை வைத்திருக்கிறது. அடித்தவரோடு ராஜியாகப் போகும்படி அடிபட்டவரை நிலையத்தில் உட்கார வைத்துக் கட்டப் பஞ்சாயத்து பேசுவதற்கு இந்தச் சட்டங்களில் இடமே இல்லை.

"ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க"

கைதுக்கு முந்தைய கட்டம் விசாரணைக்கு அழைப்பது. சட்டம் மிக அதிகமாக மீறப்படும் கட்டமும் இதுதான். வீட்டு வாசலில் சீருடை இல்லாத இருவர் நின்று, "சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம், ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க" என்கிறார்கள். போனவர் இரவு திரும்புவதில்லை. தேடிச் செல்லும் குடும்பத்திடம் "அப்படி யாரும் இங்க வரலையே" என்று பதில் வருகிறது. கைது என்று எழுதப்படாததால் 24 மணி நேரக் கெடுவும் ஓடத் தொடங்குவதில்லை. எழுத்தில் இல்லாத இந்த நேரம்தான் ஆபத்தானது.

சட்டப்படி விசாரணைக்கு அழைக்க எழுத்துமூலமான ஆணை வேண்டும். சாட்சியாக அழைக்கப்படும் பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த ஆண் பிள்ளைகள், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையான நோயில் இருப்பவர்கள் ஆகியோரை நிலையத்துக்கு வரச் சொல்லவே கூடாது; அவர்கள் இருக்கும் வீட்டுக்கே அதிகாரி போக வேண்டும். ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதியைக் கட்டாக் நகரிலுள்ள காவல் நிலையத்துக்கு வரவழைத்த வழக்கில், தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற 20-ஆவது உறுப்பின் பாதுகாப்பு காவல் விசாரணையிலும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் உறுதி செய்தது. பெண்ணை நிலையத்துக்கு அழைத்ததையும் அதே தீர்ப்பு கண்டித்தது.

கைது செய்ய முடியும், செய்ய வேண்டுமா?

1994 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் காஸியாபாத்தில் ஓர் இளம் வழக்கறிஞர் விசாரணைக்கென்று அழைக்கப்பட்டு ஐந்து நாள் காவலில் வைக்கப்பட்டார். ஜோகிந்தர் குமார் வழக்கு என்று அறியப்படும் அதில் உச்ச நீதிமன்றம் ஓர் எளிய வேறுபாட்டை எடுத்துச் சொன்னது. கைது செய்ய அதிகாரம் இருப்பது வேறு. அதை இப்போது, இவர் மீது பயன்படுத்த நியாயம் இருப்பது வேறு. நாட்டில் நடக்கும் கைதுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு தேவையற்றவை அல்லது நியாயமற்றவை என்ற தேசியக் காவல் ஆணையத்தின் கணிப்பையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

இருபது ஆண்டுக்குப் பின் அர்னேஷ் குமார் வழக்கில் (ஜூலை 2014) இது கட்டாய நடைமுறையானது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் தானாகக் கைது கிடையாது. மேலும் குற்றம் செய்யாமல் தடுக்க, சாட்சியம் அழிக்கப்படாமல் இருக்க, சாட்சிகள் மிரட்டப்படாமல் இருக்க, முறையான விசாரணைக்கு, நீதிமன்றத்துக்கு வருவதை உறுதி செய்ய என்று சட்டம் சொல்லும் காரணங்களில் எது பொருந்துகிறது என்பதை அதிகாரி எழுத வேண்டும். எதுவும் பொருந்தவில்லை என்றால், குறித்த நாளில் ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுத்தால் போதும். இதை மீறும் அதிகாரி துறை நடவடிக்கைக்கும் நீதிமன்ற அவமதிப்புக்கும் உள்ளாவார். புதிய சட்டம் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது: மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில் 60 வயதைக் கடந்தவரையோ உடல் நலிந்தவரையோ துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதி இன்றிக் கைது செய்ய முடியாது.

ஒரு கைதுக் குறிப்பின் கதை

கைது நடக்கும்போது செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தியது டி.கே. பாசு வழக்கு. மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பொன்றின் நிர்வாகத் தலைவராக இருந்த பாசு, லாக்கப் மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளை இணைத்து 1986 ஆகஸ்டில் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு 11 கட்டளைகளை விதித்தது. பின்னாளில் அவற்றில் பல சட்டப் பிரிவுகளாகவே ஆயின.

கைது செய்ய வருபவரின் பெயர் தெளிவாகத் தெரியும்படி சட்டையில் இருக்க வேண்டும். அந்த இடத்திலேயே 'அரெஸ்ட் மெமோ' எனப்படும் கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் தேதியும் நேரமும் இருக்கும். குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையொப்பம் இடுவார்; கைதானவரும் கையொப்பமிடுவார். பார்வைக்கு ஒரு பக்கத் தாள்தான். ஆனால் மாலை 7.30-க்கு வீட்டில் பிடித்தவரை மறுநாள் காலை 6 மணிக்குப் பேருந்து நிலையத்தில் சுற்றித் திரிந்தபோது பிடித்ததாகக் காட்டும் பழைய உத்தி, அம்மாவின் கையொப்பத்தோடு நேரம் பதிந்த ஒரு தாளுக்கு முன் செல்லுபடியாகாது.

கைதின் காரணத்தைச் சொல்வது சடங்கு இல்லை என்பதை 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. கைதானவருக்குப் புரியும் மொழியில், அவர் உண்மையில் விளங்கிக்கொள்ளும்படி காரணம் தெரிவிக்கப்படாவிட்டால் அந்தக் கைதே சட்டவிரோதமாகிவிடும். குடும்பத்தினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். சொன்னதை நிலையப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் மாவட்டத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி கைதானவர்களின் விவரத்துக்குப் பொறுப்பேற்று, அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டம். முறைப்படி நடந்தால் "இங்க வரலையே" என்ற பதிலுக்கு இடமிருக்காது.

பெண்களைச் சூரியன் மறைந்த பின்னும் உதிப்பதற்கு முன்னும் கைது செய்யலாகாது. தவிர்க்க முடியாத நிலையில் பெண் அதிகாரி ஒருவர் நடுவரின் முன் அனுமதி பெற்றுச் செய்யலாம். பெண்ணின் உடல் சோதனையைப் பெண்தான் செய்ய வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது. சிறார் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுசெல்ல வேண்டும்.

கைவிலங்கு பற்றி 1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, தப்பிச் செல்லும் தெளிவான ஆபத்து இருந்தாலன்றி விலங்கிடுவது மனித மாண்புக்கு எதிரானது என்றது. புதிய சட்டம் மீண்டும் மீண்டும் குற்றம் செய்பவர், காவலிலிருந்து தப்பியவர், கொலை, பாலியல் வன்முறை, பயங்கரவாதம் போன்ற குற்றங்களில் சிக்கியவர் ஆகியோருக்குக் குற்றத்தின் தன்மையையும் கடுமையையும் பார்த்து விலங்கிட இடம் தருகிறது. சில்லறைத் தகராறில் சிக்கியவரை விலங்கோடு தெருவில் நடத்திப் படம் எடுக்க அது அனுமதி தரவில்லை.

லாக்கப்புக்குள்

காவலில் இருக்கும்போது ஒருவரின் உடலுக்கு அரசே பொறுப்பு. கைதானவுடன் அரசு மருத்துவர் பரிசோதித்து, காயங்கள் இருந்தால் குறிப்பெடுக்க வேண்டும். விசாரணை நடக்கும்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம். விசாரணை முழுவதும் அவர் கூடவே இருக்க முடியாது என்பது மட்டும்தான் வரம்பு. உண்மை கண்டறியும் சோதனை, மூளை அலைப் பதிவு போன்றவற்றைச் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று செல்வி வழக்கில் 2010-இல் தீர்ப்பானது. ஒப்புதல் வாங்குவதற்காக அடிப்பதற்கு ஏழு ஆண்டு வரையும், கொடுங்காயம் ஏற்படுத்தினால் பத்து ஆண்டு வரையும் சிறை உண்டு.

இத்தனையும் இருந்தும் தமிழ்நாட்டுச் செய்தித்தாள் வாசகர்களுக்கு ஒரு புகைப்படம் பழகிப்போயிருக்கிறது: மருத்துவமனைக் கட்டிலில் மாவுக்கட்டு போட்ட கையோடு ஓர் இளைஞர், கீழே 'கழிப்பறையில் வழுக்கி விழுந்தார்' என்ற விளக்கம். சமூக ஊடகங்களில் அது நகைச்சுவையாகப் பகிரப்படுகிறது. சட்டத்தின் கண்ணில் அந்த வரி, காவலில் ஏற்பட்ட காயத்துக்குக் காவல்துறை கணக்குச் சொல்லியாக வேண்டிய இடம்.

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தில் கடையை மூடுவது தொடர்பாகக் கைப்பேசிக் கடை நடத்திய ஒரு தந்தையும் மகனும் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டனர். மறுநாள் நீதிமன்றக் காவலில் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட இருவரும், ஜூன் 22 இரவும் 23 காலையும் அடுத்தடுத்து இறந்தனர். தரையில் உருண்டு புரண்டதால் ஊமைக்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. கடைவீதியில் இருந்த கண்காணிப்புக் கேமராவின் பதிவு அந்தக் கதைக்குப் பொருந்தவில்லை. நிலையத்துக்குள் இருந்த கேமராவைப் பார்க்க நீதித்துறை நடுவர் சென்றபோது, கருவியில் போதிய இடம் இருந்தும் அன்றாடப் பதிவு அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்க உத்தரவிட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் ஒரே அளவுகோலை வைத்தது. நுழைவாயில், வெளிவாசல், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை, வரவேற்பறை என எந்த இடமும் விடுபடாமல் கேமரா வேண்டும். இரவிலும் படம் தெரிய வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும்.

கேமரா நிலையத்துக்குள்தான் இருக்கிறது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நகை காணாமல் போன புகார் தொடர்பாகச் சிறப்புப் படைக் காவலர்கள் விசாரித்த கோவில் காவலாளி ஒருவர் உயிரிழந்தார். அவர் நிலையத்துக்கு வெளியே அடிக்கப்பட்டதை யாரோ கைப்பேசியில் எடுத்த காட்சி நீதிமன்றம் வரை போனது. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத இடத்தில், எழுத்தில் இல்லாத நேரத்தில் நடந்த விசாரணை அது. அதன் பிறகு முறையான அனுமதி இல்லாத சிறப்புப் படைகளைக் கலைக்கும்படி காவல்துறைத் தலைமை உத்தரவிட்டது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது.

நடுவரின் மேசை முன்

24 மணி நேரத்தின் முடிவில் கைதானவர் நீதித்துறை நடுவர் முன் நிற்கிறார். காவல்துறையின் பிடியை விலக்கி, சார்பில்லாத ஒருவர் அவரை நேருக்கு நேர் பார்ப்பதற்காகவே இந்த ஏற்பாடு. "போலீஸ் அடிச்சாங்களா? காயம் இருக்கா? கைது காரணத்தைச் சொன்னாங்களா? வக்கீல் இருக்காரா?" என்று நடுவர் கேட்டு எழுத வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவருக்கு இலவச சட்ட உதவி இந்த முதல் நாளிலேயே தொடங்க வேண்டும் என்பது, விசாரணைக் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய பீகாரின் பாகல்பூர் வழக்கில் 1980-இல் வந்த தீர்ப்பு. 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி கிடைக்கும்.

காவல்துறை தன் விசாரணைக்கு அவரைக் கேட்டால் மொத்தம் 15 நாளுக்கு மேல் தர முடியாது. நீதிமன்றக் காவலில் இருக்கும்போது 60 நாளுக்குள், கடுங்குற்றம் என்றால் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் அவருடைய உரிமையாகிவிடும். படிவத்தில் கையொப்பமிட்டு ரிமாண்ட் செய்வதோடு நடுவர் நிறுத்திக்கொண்டால், சட்டம் கட்டிய கடைசி மதிலும் திறந்து கிடக்கும்.

கூட்டத்தின் முன் துப்பாக்கி

அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமை 19-ஆவது உறுப்பில் இருக்கிறது. ஆகவே ஊர்வலத்துக்குப் பாதுகாப்புத் தருவது காவல்துறையின் முதல் வேலை. கலைப்பது கடைசி வழி. சட்டவிரோதக் கூட்டமாக மாறினாலும் முதலில் கலைந்து செல்லும்படி உரக்க அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகும் தேவையான அளவுக்கு மேல் பலம் கூடாது. 2018 மே 22, 23 நாட்களில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டனர். அதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், துப்பாக்கிச் சூட்டுக்கு நியாயம் இல்லை என்று கண்டறிந்து அதிகாரிகள் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது.

'என்கவுன்டர்' எனப்படும் மோதல் சாவுகளுக்கும் 2014-இல் உச்ச நீதிமன்றம் விதிகள் வகுத்தது. ஒவ்வொன்றுக்கும் முதல் தகவல் அறிக்கை வேண்டும். வேறு நிலையமோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும். நடுவர் விசாரணை நடக்க வேண்டும். சுட்டவர்களுக்கு உடனடிப் பதவி உயர்வோ விருதோ கூடாது.

மீறினால் என்ன ஆகும்?

காவலில் மரணம், பாலியல் வன்முறை, காணாமல் போதல் நடந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காவலில் மகனை இழந்த ஒடிசாவின் நீலாபதி பெஹெரா வழக்கில், அரசே இழப்பீடு தரக் கடமைப்பட்டது என்று 1993-இல் தீர்ப்பானது. குற்றவியல் தண்டனை தனி. இழப்பீடு அதற்கு மாற்று இல்லை.

தண்டனை வரும் வேகம்தான் வேதனை. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து பழங்குடிப் பெண்களை வன்புணர்ந்து ஊரையே சூறையாடினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பரில். அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தனர். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். குற்றத்துக்கும் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கும் இடையில் 31 ஆண்டுகள்.

காவலர் மீதான புகாரைக் காவல்துறையே விசாரிப்பதைத் தவிர்க்கவே பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் புகார் ஆணையங்கள் அமைக்க உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டமோ மாநில ஆணையத்தின் தலைமையை உள்துறைச் செயலாளரிடம் கொடுத்தது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையொப்பமிட்டும் இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை.

உத்தரவும் கடமையும்

சட்டத்தை அறியாததால் மட்டும் மீறல் நடப்பதில்லை. ஒரே நிலையத்துக் காவலர்களே திருவிழா பந்தோபஸ்து, அமைச்சர் பயணம், நீதிமன்றப் பணி, குற்ற விசாரணை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். வார விடுமுறை தள்ளிப்போகிறது. மேலிருந்து "ரெண்டு நாள்ல முடிக்கணும்" என்று அழுத்தம் வருகிறது. தடயம் தேடிப் பொறுமையாக விசாரிக்க நேரம் இல்லாத இடத்தில் லத்தி குறுக்குவழியாகிறது. குற்ற விசாரணையைச் சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரிக்க வேண்டும் என்பதும் பிரகாஷ் சிங் தீர்ப்பின் கட்டளைதான்.

ஆனால் பணிச்சுமையோ மேலதிகாரியின் உத்தரவோ காவலரைக் காப்பாற்றாது. பணியில் செய்த செயலுக்காக அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி, கடமையோடு தொடர்பில்லாத சித்திரவதைக்குக் கவசம் ஆகாது. போலி மோதல் வழக்கொன்றில் 2011-இல் உச்ச நீதிமன்றம், மேலதிகாரி சொன்னதால் செய்தேன் என்பது எந்த வகையிலும் தற்காப்பு ஆகாது என்றது. சட்டவிரோதமான உத்தரவை மறுப்பதே கடமை என்றும் சொன்னது.

சாத்தான்குளம் நிலையத்தில் அன்றிரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், விடிய விடிய அடித்ததைக் கண்ணால் பார்த்ததாக நடுவரிடம் வாக்குமூலம் தந்தார். உடன் பணிபுரிந்தவர்கள் சுற்றி நிற்க, முதலில் தயங்கித் தயங்கித்தான் பேசினார். எழுதி முடித்த தாளில் கையொப்பமிடவும் அஞ்சினார். அவருக்குப் பாதுகாப்பு உறுதி செய்யப்பட்ட பிறகே கையொப்பம் விழுந்தது. கேமராவில் அழிக்கப்பட்ட அந்த இரவு வழக்கில் மிஞ்சியது ஒரு காவலரின் கையெழுத்தால்.